வெண்ணெயும் மூன்று கால் நாற்காலியும்

ஹார்வர்டின் முதல் நிர்வாக நெருக்கடி எது? பணமில்லை, கட்டடமில்லை, நல்ல வாத்தியார் கிடைக்கவில்லை என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். களியில் கிடந்த ஆட்டுப் புழுக்கைதான்.

இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகத் தலைவர் வந்தால் (அங்கே தலைவர், நம்மிடம் துணைவேந்தர்) ஆறு மாதத்துக்குள் வழவழ தாளில் ஒரு புத்தகம் வந்துவிடும். வியூக முன்னுரிமைகள், நிறுவன முன்னெடுப்புகள் என்று தலைப்பு. மாணவர் நலன், ஆய்வு மேம்பாடு, அனைவரையும் உள்ளடக்குதல், உலகளாவிய உறவு என்று அத்தியாயங்கள். அட்டையில் மரத்தடியில் நாலு பிள்ளைகள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஹார்வர்டுக்கு முதலில் வந்த மனிதர் நதானியேல் ஈட்டனுக்கு இந்த வசதியெல்லாம் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு வால்நட் மரத் தடி.

மாசசூசெட்ஸ் விரிகுடாக் காலனிக்காரர்கள் பாஸ்டனில் காலூன்றி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. 1636 அக்டோபர் 28 அன்று காலனியின் பொதுமன்றம் ஒரு கல்லூரிக்கு 400 பவுண்டு ஒதுக்கியது. அடுத்த வருஷம் 200, மீதி 200 வேலை முடிந்ததும். கொத்தனாரிடம் பேசுகிற கணக்கு. இடம், மாட்டுக் கொட்டில்கள் வரிசையாக இருந்த தெரு. ‘ஹார்வர்ட் யார்ட்’ என்று உலகமே பயபக்தியோடு சொல்கிறதே, அந்த யார்டின் பூர்வோத்தரம் மாட்டுக் கொட்டில்தான்.

ஈட்டனின் கல்விக் கொள்கை எளிமையானது. தான் கேட்பதைப் பையன் ஒப்புக்கொள்ளும்வரை அடிப்பது. ஒரு தவணைக்கு இருபது, முப்பது. நீதிமன்றத்தில் கேட்டபோது அவர் மறுக்கக்கூட இல்லை. அதுதான் தன் விதிமுறை என்று விளக்கம் சொன்னார். மாணவர்களோடு நிறுத்தியிருந்தால் அந்தக் காலத்தில் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். உதவி ஆசிரியராக வந்து சேர்ந்த நதானியேல் பிரிஸ்கோவிடம் வாய்த்தகராறு முற்றியதும், இரண்டு ஆட்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அந்தத் தடியை எடுத்தார். ஒரு கஜ நீளம், ஒரு குதிரையைச் சாய்க்கப் போதும் என்று காலனி ஆளுநர் ஜான் வின்த்ரப் நாட்குறிப்பில் குறித்துவைத்திருக்கிறார். இருநூறு அடி. நடுவில் இரண்டு மூன்று சின்ன இடைவேளைகளோடு இரண்டு மணி நேரம். இடைவேளை அடித்தவர் கைக்காகத்தான் இருக்க வேண்டும். செத்தோம் என்று முடிவு செய்த பிரிஸ்கோ ஆண்டவரைக் கூப்பிட்டு ஜெபிக்கத் தொடங்கினார். ஆண்டவர் பெயரை வீணில் எடுத்ததற்காக அதற்குத் தனியாக விழுந்தது.

சரி, மெஸ்ஸுக்கு வருவோம். மெஸ் திருமதி ஈட்டன் பொறுப்பில் இருந்தது. அந்த அம்மாள் கொடுத்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. ரொட்டி மாவு சில சமயம் புளித்திருந்ததை ஒப்புக்கொள்கிறார். கெட்டுப்போன மீன் மேசைக்கு வந்ததையும் ஒப்புக்கொள்கிறார். பியர் தீர்ந்துபோய்ப் பிள்ளைகள் வறண்ட தொண்டையோடு இருந்ததும் உண்டு. (அது தண்ணீரை யாரும் நம்பாத காலம், பியர் உணவுப் பட்டியலில் சேர்த்தி.) ஆனால் குடல் எடுக்காத கானாங்கெளுத்தி, மக்காச்சோளக் களியில் ஆட்டுப் புழுக்கை ஆகிய இரண்டும் தனக்குத் தெரியவே தெரியாது என்கிறார், இருந்தாலும் தன் வீட்டில் அப்படி நடந்ததற்காக வெட்கப்படுகிறாராம். கடந்த நானூறு வருஷத்தில் எந்தப் பல்கலைக்கழக மக்கள் தொடர்பு அலுவலகமும் இதைவிடச் சுத்தமான மறுப்பறிக்கை எழுதியதில்லை.

ஈட்டன் நீக்கப்பட்டார், அபராதம் விதிக்கப்பட்டார், கடன்களை அப்படியே விட்டுவிட்டு வர்ஜீனியா பக்கம் ஓடினார். கல்லூரி ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தது. ஹார்வர்ட் தன் தலைவர்கள் பட்டியலில் ஈட்டனைச் சேர்ப்பதில்லை. அவர் வெறும் ஆசிரியர்தானாம்.

இந்தக் கூத்துக்கு நடுவேதான் ஜான் ஹார்வர்ட் என்ற இளம் பாதிரியார் 1638 செப்டம்பரில் காசநோயில் இறந்து, சொத்தில் பாதியையும் ஏறத்தாழ 400 புத்தகங்களையும் கல்லூரிக்கு எழுதிவைத்தார். அடுத்த மார்ச்சில் கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். தன் பெயரில் கல்லூரி இருப்பது அவருக்குத் தெரியாது. மெஸ் சாப்பாட்டைச் சாப்பிடும் பாக்கியமும் கிட்டவில்லை.

1640-இல் ஹென்றி டன்ஸ்டர் கப்பலில் வந்திறங்கினார். சில வாரங்களில் அவரைத் தலைவராக்கிவிட்டார்கள். படித்தவன் ஒருவன் கரையிறங்கினான் என்றால் விடக்கூடாது என்ற பதற்றம் புரிகிறது. என் கணக்கில் இந்த வரிசையிலேயே உருப்படியான ஆள் டன்ஸ்டர்தான். 1642-இல் ஒன்பது பேருக்குப் பட்டம் கொடுத்தார். 1650-இல் சாசனம் வாங்கினார். தலைவர், ஐந்து உறுப்பினர், ஒரு பொருளாளர் என்று அவர் அமைத்த ஏழு பேர் சபைதான், ஆள் எண்ணிக்கை பெருகிய பிறகும், இன்றைக்கும் ஹார்வர்டை ஆள்கிறது. அச்சகத்தையும் பிடித்தார், ஆனால் டெண்டர் விட்டு அல்ல. அச்சு இயந்திரத்தோடு இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட குளோவர் பாதிரியார் கடல் நடுவிலேயே இறந்துபோக, இயந்திரம் விதவையின் சொத்தாகக் கல்லூரி இருந்த கேம்பிரிட்ஜ் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. 1641-இல் டன்ஸ்டர் அந்த விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆங்கிலேய அமெரிக்காவின் முதல் அச்சகம் தலைவர் வீட்டுக்கு வந்தது. பின்னாளில் அந்த அம்மாளின் பிள்ளைகள் சொத்துக்குக் கணக்குக் கேட்டு வழக்குப் போட்டார்கள் என்பது தணிக்கைத் துறை சம்பந்தப்பட்ட விஷயம்.

நிதி திரட்டலிலும் மனிதர் கெட்டி. சார்ல்ஸ்டவுன் படகுத் துறையின் கட்டணம் கல்லூரிக்கு. 1644 முதல் வீட்டுக்கு ஒரு பெக், அதாவது சுமார் ஒன்பது லிட்டர் தானியம், இல்லையென்றால் 12 பென்ஸ். நம் ஊர்ப் பாட்டிமார் பிடியரிசி ஒதுக்கிக் கோயில் கட்டியது போல நியூ இங்கிலாந்துக் கிழவிகள் கோதுமை அளந்து போட்டுக் கட்டியதுதான் ஹார்வர்ட். மாணவர் கட்டணம் ஆடாகவும் மாடாகவும் இறைச்சியாகவும் வந்தது. படகுத் துறையில் விழுந்ததோ பூர்வகுடிகளின் கிளிஞ்சல் மணி. அதிலும் செல்லாத மணிகளைப் பொறுக்கி எடுத்துப் போட்டார்கள். உண்டியலில் கிழிந்த நோட்டுப் போடுகிற பழக்கம் உலகப் பொதுவானது.

இப்படிப் பதினான்கு வருஷம் உழைத்தவரைக் கவிழ்த்தது ஒரு கைக்குழந்தை. 1653-இல் பிறந்த தன் குழந்தைக்கு டன்ஸ்டர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். விவரம் தெரிந்தவன் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது அது, பச்சைக் குழந்தைக்கு எதற்கு என்றார். காலனிக்குக் குலை நடுங்கியது. பேசாமல் இரும் ஐயா, பதவி இருக்கட்டும் என்று கெஞ்சிப் பார்த்தார்கள். அவர் தேவாலயத்துக்கே போய் எழுந்து நின்று பேசிவிட்டு வந்தார். 1654-இல் பதவி போயிற்று. குளிர்காலம், கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை, வீட்டைக் காலி செய்ய அவகாசம் வேண்டும் என்று விண்ணப்பம் எழுத வேண்டியதாயிற்று. மார்ச் வரை விட்டுவைத்தார்கள்.

அடுத்து வந்தவர் சார்ல்ஸ் சான்சி. குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டா? உண்டு, உண்டு, கட்டாயம் உண்டு என்றார். நிர்வாகம் பெருமூச்சு விட்டது. ஆனால் தலையில் நாலு சொட்டுத் தெளித்தால் போதாது, குழந்தையை முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும் என்பது சான்சியின் கட்சி. மாசசூசெட்ஸ் ஜனவரியில். கடைசியில் அந்தக் கருத்தை வெளியே பேச மாட்டேன் என்ற நிபந்தனையோடு வேலை கொடுத்தார்கள். தண்ணீரே வேண்டாம் என்றவரை அனுப்பிவிட்டு, தண்ணீரில் அமுக்கு என்றவரை வாய்ப்பூட்டுப் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். தேர்வுக் குழுக்கள் அன்றும் அப்படித்தான். சம்பளம் 100 பவுண்டு, அதுவும் விளைபொருளாக. தானியத்தைத் துணியாக மாற்ற முடியவில்லை என்று அவர் பதவிக்காலம் முழுக்கப் புலம்பினார்.

‘அனைவரையும் உள்ளடக்குதல்’ அத்தியாயம் ஹார்வர்டுக்கு 1650 சாசனத்திலேயே உண்டு. ஆங்கிலேய இளைஞர்களுக்கும் இந்திய இளைஞர்களுக்கும் கல்வி என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தியர் என்றால் நாம் இல்லை, அந்த மண்ணின் பூர்வகுடிகள். இந்த வரிக்கு லண்டனில் நல்ல கிராக்கி இருந்தது. புறசமயத்தவரை இரட்சிக்கப் பணம் கொடுக்கப் பக்திமான்கள் வரிசையில் நின்றார்கள். வெள்ளைக்காரப் பையன்களின் லத்தீன் படிப்புக்கு யார் கொடுப்பார்? 1650-களின் நடுவில் அந்தப் பணத்தில் இந்தியக் கல்லூரி எழுந்தது. வளாகத்தின் முதல் செங்கல் கட்டடம், இருபது பேர் தங்கலாம். வந்து படித்த பூர்வகுடி மாணவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். காலி அறைகளைப் பார்த்துச் சான்சி கை பிசைந்தார், பிறகு ஆங்கிலேய மாணவர்களைக் குடியேற்றினார். அச்சு இயந்திரமும் அங்கே போயிற்று. 1663-இல் ஆங்கிலேய அமெரிக்காவில் முதன்முதலாக முழு பைபிள் அச்சானது. ஆங்கிலத்தில் அல்ல, மாசசூசெட் என்ற பூர்வகுடி மொழியில். அச்சுக் கோத்தவர்களில் ஜேம்ஸ் பிரிண்டர் என்ற நிப்மக் பூர்வகுடி இளைஞரும் ஒருவர்.

இந்தக் கதையில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்த்தாஸ் வினியார்ட் தீவிலிருந்து காலெப் சீஷாடூமக், ஜோயல் அயகூம்ஸ் என்று இரண்டு வாம்பனோக் இளைஞர்கள் வந்தார்கள். லத்தீனும் கிரேக்கமும் மற்றவர்களுக்கு இணையாகப் படித்தார்கள். 1665-இல் பட்டமளிப்புக்கு முன் ஊருக்குப் போய்த் திரும்பிய ஜோயல் நான்டக்கெட் கரையில் கப்பல் விபத்தில் சிக்கி உயிரிழந்தார். காலெப் பட்டம் வாங்கினார், அடுத்த வருஷமே காசநோயில் போனார். கட்டடத்தை 1698-இல் இடித்துச் செங்கலை வேறு கட்டடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜோயலின் பட்டத்தை ஹார்வர்ட் 2011-இல் வழங்கியது.

மூன்றாவது தலைவர் லெனர்ட் ஹோர். ஹார்வர்டிலேயே படித்து ஹார்வர்டுக்குத் தலைவரான முதல் ஆள், மருத்துவர், ரசாயனக் கூடம் வைக்க வேண்டும், தோட்டம் போட வேண்டும் என்று கனவு கண்டவர். காலத்தை முந்திப் பிறந்த மனிதர். மாணவர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஏன் என்று யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. அவர் பேசுவது போலவே பேசி, நடப்பது போலவே நடந்து காட்டிச் சிரித்தார்கள். 1674-இல் தெய்வநிந்தனை செய்த தாமஸ் சார்ஜன்ட் என்ற மாணவனை நூலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் முட்டி போடவைத்து, சிறைக் காவலரைக் கூப்பிட்டுச் சாட்டையால் அடிக்கவைத்தார் ஹோர். அடிக்கு முன் ஒரு ஜெபம், அடிக்குப் பின் ஒரு ஜெபம், இரண்டும் தலைவரே. குளிர்காலம் வருவதற்குள் மாணவர்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் மூட்டை கட்டிவிட்டார்கள். 1675 மார்ச்சில் ராஜினாமா, நவம்பரில் மரணம்.

ஹோருக்கு ஒரு பழிவாங்கல் கிடைத்தது, 209 வருஷம் கழித்து. 1884-இல் ஜான் ஹார்வர்டுக்குச் சிலை வைத்தார்கள். அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, ஒரு படம்கூட இல்லை. சிற்பி டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் ஒரு மாணவனை உட்காரவைத்து முகம் வடித்தார். அந்த மாணவன் ஷெர்மன் ஹோர், நம் ஹோரின் அண்ணன் தம்பி வழி வந்தவன். சிலையின் கீழே ‘ஜான் ஹார்வர்ட், நிறுவனர், 1638’ என்று செதுக்கியிருக்கிறது. முகம் அவருடையது இல்லை, அவர் நிறுவனர் இல்லை, தொடங்கிய வருஷம் 1638 இல்லை. சுற்றுலாப் பயணிகள் அதிர்ஷ்டம் வேண்டி அதன் காலைத் தடவிவிட்டுப் போகிறார்கள்.

அடுத்து வந்தவர்களில் ஜான் ராஜர்ஸ் சீக்கிரம் போய்விட்டார். 1684 ஜூலை 2 அன்று சூரிய கிரகணம் என்று பட்டமளிப்பை ஒரு நாள் முன்னுக்குத் தள்ளினார்கள். பட்டமளிப்பு நல்லபடி முடிந்தது. மறுநாள் கிரகணம் விட்டுக்கொண்டிருக்கையில் ராஜர்ஸ் இறந்தார். கிரகணத்தில் கல்யாணம் வைக்கக் கூடாது என்று சொன்னால் நம்மை மூடநம்பிக்கைக்காரர்கள் என்பார்கள்.

பிறகு இன்கிரீஸ் மேதர். பெயரிலேயே வளர்ச்சி இலக்கு வைத்திருந்த ஒரே தலைவர். இவருடைய ஒரே முன்னுரிமை கேம்பிரிட்ஜுக்குக் குடிவராமல் இருப்பது. கல்லூரி சார்ல்ஸ் ஆற்றுக்கு இந்தப் பக்கம், அவருடைய தேவாலயம் அந்தப் பக்கம் பாஸ்டனில். தலைவர் வளாகத்தில் தங்க வேண்டும் என்று பொதுமன்றம் தீர்மானம் போட்டது, மறுபடி போட்டது, இன்னும் ஒரு முறை போட்டது. பாஸ்டனில் 1,500 ஆன்மாக்களுக்குப் பிரசங்கிப்பதை விட்டுவிட்டு இங்கே வந்து நாற்பது ஐம்பது பொடியன்களுக்கு விளக்கவுரை சொல்லவா என்று கேட்டார் மேதர். அந்தப் பொடியன்களிலும் விளங்கிக்கொள்ளக் கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று சேர்த்துக்கொண்டார். ஒரு வழியாக 1700-இல் குடிவந்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சில மாதத்தில் திரும்பிப் போனார். 1701-இல் நீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்தவர் சாமுவேல் வில்லர்ட். அவருக்கும் பாஸ்டனில் தேவாலயம், அவருக்கும் வர இஷ்டமில்லை. இந்த முறை நிர்வாகம் மூளையைப் பயன்படுத்தியது. தலைவர்தானே வளாகத்தில் தங்க வேண்டும்? வில்லர்டுக்கு ‘துணைத் தலைவர்’ என்று பெயர் கொடுத்தார்கள். தலைவரே இல்லாத துணைத் தலைவர். வாரத்துக்கு ஓரிரு நாள் வந்துபோய் ஆறு வருஷம் ஓட்டினார். உலகத்தின் பொறுப்புத் துணைவேந்தர்கள் எல்லோருக்கும் அவரே மூலவர்.

அப்பா உட்கார்ந்த நாற்காலி தனக்கு வரும் என்று காத்திருந்தார் மகன் காட்டன் மேதர். வரவில்லை. ஹார்வர்ட் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். கனெக்டிகட்டில் ஒரு புதுக் கல்லூரி காசில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. அதற்கு யாராவது பெரிய கையாகப் பிடித்துக் கொடுத்தால் ஹார்வர்டின் மூக்கை உடைக்கலாம். 1718 ஜனவரியில் லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: உங்கள் பெயரை வைத்தால் அது பிள்ளைகுட்டியைவிட நிலைத்து நிற்கும் என்ற தோரணையில்.

கடிதம் போய்ச் சேர்ந்த இடம்தான் நமக்கு முக்கியம். எலிஹு யேல், பாஸ்டனில் பிறந்தவர், 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். கும்பினி வேலையைப் பார்த்த நேரம் போக மீதி நேரம் சொந்த வியாபாரம் பார்த்தார் என்று சொல்ல ஆசைதான். உண்மை தலைகீழ் என்று புகார் வந்து பதவி போயிற்று. கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிய காலமும் அவர் ஆட்சிக்காலம்தான். சிறு வயதில் இறந்த அவர் மகன் டேவிட்டின் கல்லறை உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. மேதரின் கடிதத்துக்கு மசிந்து யேல் அனுப்பியது ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம். மஸ்லின், காலிகோ என்று துணிகளை விற்றதில் 562 பவுண்டு சொச்சம் தேறியது. அவ்வளவுதான். அந்தத் தொகைக்கு ஒரு பல்கலைக்கழகமே பெயர் மாறியது. பெயர் விற்பனையில் இதைவிட மலிவான பேரம் பிறகு நடக்கவில்லை.

அதே வருஷம் அந்தக் கல்லூரியின் புத்தகங்களைச் சேபுரூக்கிலிருந்து நியூ ஹேவனுக்கு மாற்றப் போனபோது, எங்கள் ஊர்க் கல்லூரியை எங்கே தூக்கிப் போகிறாய் என்று சேபுரூக்காரர்கள் பாலங்களை உடைத்து, வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். புத்தகங்களில் ஒரு பகுதி காணாமல் போயிற்று. நூலகத்துக்காக ஜனங்கள் தெருவில் இறங்கிச் சண்டை போட்ட காலமும் இருந்திருக்கிறது.

இன்னொரு சங்கதி. கோட்டையில் யேலின் நாற்காலி 1692-இல் யாருக்குப் போனது தெரியுமா? நதானியேல் ஹிக்கின்சன். 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் மேயர். 1670-இல் ஹார்வர்டில் பட்டம் வாங்கியவர். தானியச் சம்பளத்தில் புலம்பிக்கொண்டிருந்த அதே சான்சியின் காலத்து மாணவர். ஹார்வர்டும் யேலும் மோதும் கால்பந்துப் போட்டி 1875-இல் ஆரம்பித்தது என்று அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். முதல் ஆட்டம் வங்கக் கடலோரம் ஜார்ஜ் கோட்டையில் 1692-லேயே நடந்து, ஹார்வர்ட் ஜெயித்துவிட்டது.

எட்வர்ட் ஹோலியோக் 1737-இல் தலைவரானார். முப்பத்திரண்டு வருஷம் அசையவில்லை. இவர் காலத்தில் இரண்டு பேரிடர். முதலாவது நெருப்பு. 1764 ஜனவரியில் பாஸ்டனில் அம்மை. பயந்த சட்டமன்றம் ஆற்றைக் கடந்து ஹார்வர்ட் ஹாலில் கூடியது. குளிருக்கு மூட்டிய கணப்பிலிருந்து நெருப்புப் பற்றி, கட்டடம், கருவிகள், கிட்டத்தட்ட 5,000 புத்தகங்கள் அத்தனையும் சாம்பல். வெளியே யாரோ எடுத்துப்போயிருந்த புத்தகங்கள் பிழைத்தன. ஜான் ஹார்வர்ட் கொடுத்தவற்றில் மிஞ்சியது ஒரே ஒன்று: பிசாசோடு கிறிஸ்தவன் நடத்தும் போரைப் பற்றி ஜான் டௌனம் எழுதியது. அதை எடுத்துப் போயிருந்த மாணவன் நல்ல பிள்ளையாகக் கொண்டுவந்து கொடுத்தானாம். ஹோலியோக் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அனுமதியில்லாமல் வெளியே எடுத்துப்போனதற்காக அவனைக் கல்லூரியை விட்டே நீக்கினாராம். கட்டுக்கதை என்றுதான் படுகிறது. ஆனால் நூலகர்களோடு பழகியவர்கள் யாரும் இதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

இரண்டாவது பேரிடர் வெண்ணெய். மாணவர்கள் கல்லூரி மெஸ்ஸில்தான் சாப்பிட வேண்டும் என்று விதி. 1766 செப்டம்பரில் ஒரு நாள் காலை ஏசா டன்பார் என்ற மாணவன் எழுந்து நின்று, வெண்ணெய் நாறுகிறது, நாறாத வெண்ணெய் கொடும் என்று பைபிள் நடையில் முழங்கினான். (பின்னாளில் இவனுடைய மகள் வயிற்றுப் பேரன் ஹென்றி டேவிட் தோரோ, வரி கட்ட மாட்டேன் என்று சிறைக்குப் போய், ஒத்துழையாமை பற்றிக் கட்டுரை எழுதி, அதைக் காந்தி படித்தார். உப்புக்கு முன்னால் வெண்ணெய் இருந்திருக்கிறது.) நிர்வாகம் டன்பாரைத் தண்டிக்க, மாணவர்கள் கூட்டமாக எழுந்து வெளியே போய், முற்றத்தில் ஆரவாரம் செய்துவிட்டு, ஊருக்குள் போய்ச் சாப்பிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பதிவான முதல் மாணவர் போராட்டம் இது. பாதிப் பேரை இடைநீக்கம் செய்தார்கள். பிறகுதான் யாருக்கோ வெண்ணெயையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. குழு போட்டுப் பீப்பாய்களைத் திறந்தார்கள். சில பீப்பாய் எதற்குமே ஆகாது, சில குழம்பில் போட மட்டும் ஆகும் என்று குழு அறிக்கை கொடுத்தது. கெட்ட வெண்ணெய்க்கும் ஒரு பயன்பாட்டைக் கண்டுபிடித்த அந்த உறுப்பினர் யாரோ, கல்வி நிர்வாகத்துக்கென்றே பிறந்தவர்.

ஹோலியோக் எண்பதை நெருங்கி, பதவியிலேயே, 1769-இல் இறந்தார். யாருக்காவது சிறுமைப்பட்டுச் சின்னாபின்னமாக ஆசையிருந்தால் ஹார்வர்டுக்குத் தலைவராகட்டும் என்று மரணப் படுக்கையில் சொன்னதாகச் சொல்வார்கள். வியூக ஆவணங்களின் முதல் பக்கத்தில் அச்சடிக்க வேண்டிய வரி.

எந்த ஆவணத்திலும் வராத சிலரும் தலைவர் வீட்டில் இருந்தார்கள். ஹோலியோக் வீட்டில் ஜூபா, பில்ஹா. அவருக்கு முன்னிருந்த பெஞ்சமின் வாட்ஸ்வொர்த் வீட்டில் டைட்டஸ், வீனஸ். அடிமைகள். துணி துவைத்ததும் கணப்பு மூட்டியதும் இவர்கள் வேலை. அந்த வீட்டுச் சுவரில் இவர்கள் நாலு பேர் பெயரும் பொறித்த பலகை 2016-இல் ஏறியது.

அடுத்தவர் சாமுவேல் லாக் நாலு வருஷத்தில் திடீரென்று ராஜினாமா செய்தார். காரணம் சொல்லவில்லை. வீட்டு வேலை பார்த்த பெண் கர்ப்பம் என்பது காரணம். சாமுவேல் லாங்டன் 1774-இல் வந்தார், பின்னாலேயே புரட்சியும் வந்தது. ராணுவம் விடுதிகளில் குடியேற, கல்லூரி கான்கார்டுக்குப் பெயர்ந்தது. ஹார்வர்ட் ஹால் கூரையின் ஈயத்தைக் கழற்றித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். பங்கர் ஹில் சண்டைக்குப் புறப்பட்ட படைக்கு லாங்டன் ஜெபம் செய்து அனுப்பினார். இவ்வளவு தேசபக்தி இருந்தும் 1780-இல் மாணவர்கள் தூது அனுப்பி நேரில் சொன்னார்களாம்: அறிவாளியாக உங்களை மதிக்கிறோம், பக்திமானாக வணங்குகிறோம், தலைவராக அருவருக்கிறோம். லாங்டன் விலகிவிட்டார். இவ்வளவு ஒழுங்காகப் பத்தி பிரித்து எழுதிய ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த அமளியில் கல்லூரியின் கணக்குப் புத்தகங்களும் பத்திரங்களும் எங்கே இருந்தன? பொருளாளரோடு பிலடெல்பியாவில். பொருளாளர் பெயர் ஜான் ஹான்காக். அதே ஹான்காக்தான், சுதந்திரப் பிரகடனத்தில் எல்லோரையும்விடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டவர். ஹார்வர்ட் கணக்கில் கையெழுத்துப் போட மட்டும் அவருக்கு நேரமில்லை. கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், ஆள் அனுப்பினார்கள், கடைசியில் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஆயிரம் பவுண்டுக்கு மேல் பாக்கி. 1793-இல் அவர் செத்த பிறகு வாரிசுகளிடம்தான் வசூலானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணவர் கலகமும் ஒட்டுமொத்த நீக்கமும் பருவமழை போல வந்துபோயின. 1823-இல் இறுதியாண்டில் இருந்த 70 பேரில் 43 பேரை வெளியேற்றினார்கள். அதைத் தாண்டி 1869-க்கு வந்தால் சார்ல்ஸ் எலியட் நிற்கிறார். வயது 35, வேதியியல்காரர், சில வருஷம் முன்பு பேராசிரியர் பதவி தராமல் ஹார்வர்டே வெளியே அனுப்பியவர். நாற்பது வருஷம் இருந்து அந்தக் கல்லூரியைப் பல்கலைக்கழகமாக்கினார். எனக்குப் பிடித்தது அவர் மருத்துவப் பள்ளிக்குள் நுழைந்த கட்டம்தான். அங்கே ஒன்பது பாடத்துக்கு ஒன்பது பேராசிரியர். ஒவ்வொருவரிடமும் சில நிமிஷ வாய்மொழித் தேர்வு. ஐந்து பேர் பாஸ் போட்டால் டாக்டர். மீதி நாலு பாடம் நோயாளியின் அதிர்ஷ்டம். எழுத்துத் தேர்வு வைக்கலாமே என்றார் எலியட். அதெப்படி, பாதிப் பேருக்கு மேல் எழுதவே வராதே என்று பதில் வந்தது. எண்பது வருஷமாக நன்றாகத்தானே ஓடுகிறது, இப்போது என்ன அவசரம் என்று மூத்த அறுவை மருத்துவர் ஹென்றி பிகலோ கொதித்தாராம். எலியட் அமைதியாகச் சொன்னாராம்: புதுத் தலைவர் வந்திருக்கிறார், அதுதான்.

எலியட் மருத்துவப் பள்ளியை மாற்றினார், சட்டப் பள்ளியை மாற்றினார், கட்டாயப் பாடங்களை ஏறத்தாழ ஒழித்தே விட்டார். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. ஹோலியோக் எங்கிருந்தோ வாங்கிவந்த பழைய நாற்காலி ஒன்று உண்டு. முக்கோண இருக்கை, மூன்று கால், உடம்பெல்லாம் கடைசல் குமிழ்கள். சில குமிழ்களை ஹோலியோக் தானே கடைந்து பொருத்தினார் என்பார்கள். வெண்ணெய்க் கலகத்துக்கு நடுவே அவருக்கும் ஏதாவது ஆறுதல் வேண்டாமா? உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டி ஹார்வர்டில் அமைத்த தமிழ் இருக்கை வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது நிஜ நாற்காலி. புதுத் தலைவர் பதவியேற்கும் நாளிலும் வருஷா வருஷம் பட்டமளிப்பு நாளிலும் இதைத்தான் மேடைக்குத் தூக்கி வருகிறார்கள். தலைவர் இதில்தான் உட்கார வேண்டும். நாலாவது கால் இன்னும் வைக்கவில்லை.